கொல்லைப்புற வீடு: ஆயத்த வரைபடமா, நமக்கென்று வரைந்ததா?

கலிபோர்னியாவில் தங்கள் வீட்டுக்குப் பின்புறம் இன்னொரு சிறு வீடு கட்ட விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் மனை 6,000 சதுர அடி. கோயம்புத்தூரிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் நிரந்தரமாக எங்களோடு தங்க வரவிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு படுக்கையறை கொண்ட வீடு கட்டத் தீர்மானித்திருக்கிறோம். நகராட்சி முன்கூட்டியே ஒப்புதல் அளித்து வைத்திருக்கும் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டால் பணமும் காலமும் மிச்சமாகும் என்கிறார் என் கணவர். வயதானவர்கள் இருக்கப்போகும் வீடு என்பதால், அவர்களுடைய தேவைக்கேற்பத் தனியாக வரையச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?
— வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: உங்கள் மனையை அளந்து பார்க்காமல் இருவரில் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல இயலாது. நகராட்சி ஒப்புதல் அளித்திருப்பது ஒரு கட்டடத்துக்கு மட்டுமே. அந்தக் கட்டடம் உங்கள் மனையில் எந்த இடத்தில் நிற்கும், அதன் கழிவுநீர் எந்த வழியாகத் தெருவுக்குப் போகும், மின்சாரம் எங்கிருந்து வரும் என்பவற்றை அந்த ஒப்புதல் தொடுவதே இல்லை. ஆயத்த வரைபடத்தை எடுத்தாலும் உங்கள் மனைக்கான இட வரைபடத்தைத் தனியாக ஒருவர் வரைந்தாக வேண்டும். நகராட்சி அதைத் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும். பணமும் காலமும் கரையும் இடம் பெரும்பாலும் அதுதான்.

மாநிலச் சட்டம் உங்களுக்குத் தாராளமாகவே இடம் தருகிறது. பின் எல்லையிலிருந்தும் பக்க எல்லைகளிலிருந்தும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரை கட்டப்படும் தனி வீட்டை, மனைப் பரப்பில் இத்தனை விழுக்காடுதான் கட்டலாம் என்பது போன்ற உள்ளூர் விதிகளைக் காட்டி நகராட்சி மறுக்க முடியாது. ஆனால் இந்த 4 அடிக் கணக்கை நம்பி வரைபடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னர் பத்திரத்தை எடுத்துப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பல மனைகளின் பின்புறத்தில் மின் கம்பிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ ஒதுக்கப்பட்ட, ஈஸ்மென்ட் எனப்படும் பொதுப் பயன்பாட்டுப் பட்டை ஒன்று ஓடும். அதன் அகலம் 4 அடிக்கு மேல் இருந்தால், அந்தப் பட்டைதான் உங்கள் எல்லை. வீடு வாங்கியபோது உரிமை ஆவண நிறுவனம் தந்த அறிக்கையில் இது குறிக்கப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

அடுத்து கழிவுநீரைப் பாருங்கள். குழாய்க்குப் பொதுவாக அடிக்குக் கால் அங்குலச் சரிவு தேவை. கொல்லைப்புற வீட்டின் குளியலறையிலிருந்து முன்புறத்தில் உள்ள இணைப்பு வரை 80 அடித் தொலைவு என்றால், குழாய் 20 அங்குலம் இறங்க வேண்டும். தெருக் குழாய் போதிய ஆழத்தில் இருந்தால் கவலையில்லை. இல்லையெனில் வீட்டின் தரைமட்டத்தை உயர்த்த வேண்டும், அல்லது கழிவுநீரை மேலேற்றும் பம்பு வைக்க வேண்டும். தரைமட்டத்தை உயர்த்தினால் வாசலில் படிகள் வந்துவிடும். வயதானவர்களுக்காகக் கட்டும் வீட்டில் அது வீட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடும். எனவே குழாயின் ஆழம் தெரியாமல் எந்த வரைபடத்துக்கும் பணம் கட்ட வேண்டாம்.

மின் பலகையையும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது 100 ஆம்பியர் பலகை. மின் அடுப்பு, வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் வெப்பப் பம்பு, வெந்நீர்க் கொதிகலன் ஆகியவை கொண்ட இன்னொரு வீட்டை அது தாங்குமா என்று கணக்கிட வேண்டும். தாங்காவிட்டால் 200 ஆம்பியராக உயர்த்த மின் நிறுவனத்திடம் காத்திருக்க நேரும். மனை நீளமாக இருந்தால், தீயணைப்பு வண்டி நிற்கும் தெருவிலிருந்து வீட்டின் கடைசி மூலை வரை நடைவழியில் 150 அடிக்கு மேல் போகிறதா என்பதையும் அளந்து பாருங்கள். போனால், நீர்தெளிப்பான் முதலிய கூடுதல் ஏற்பாடுகளைத் தீயணைப்புத் துறை கேட்கக்கூடும்.

இவை அனைத்திலும் உங்கள் மனை தேறிவிட்டால், நிலமும் சமதளமாக, செவ்வகமாக, பெரிய மரங்கள் இன்றி இருந்தால், நான் உங்கள் கணவர் பக்கம் சாய்வேன். வரைபடக் கட்டணம் மிச்சமாகிறது என்பதற்காக அல்ல. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 600 சதுர அடி வீட்டைக் கட்டி முடிக்கவே இரண்டு இலட்சம் டாலருக்குக் குறையாமல் ஆகிவிடுகிறது. அதில் வரைபடக் கட்டணம் சிறு பங்குதான். உண்மையான ஆதாயம் கட்டுபவரிடம் இருக்கிறது. ஒரே வரைபடத்தை முன்பே கட்டியவருக்கு எத்தனை மரச்சட்டம், எத்தனை நாள் வேலை, ஆய்வாளர் எதைக் கேட்பார் என்பதெல்லாம் தெரிந்திருப்பதால், அவர் சொல்லும் விலையில் ஊகத்துக்கான கூடுதல் குறைவாக இருக்கும். புதிய வரைபடத்தைப் பார்ப்பவர், தெரியாதவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு தொகையை உள்ளே வைத்துத்தான் விலை சொல்வார்.

பெரியவர்களுக்கு ஆயத்த வரைபடம் ஒத்துவராது என்ற உங்கள் அச்சம் முழுவதும் சரியல்ல. கலிபோர்னியாவின் குடியிருப்புக் கட்டட விதிகளிலேயே முதுமைக்கான சில ஏற்பாடுகள் இப்போது கட்டாயமாகியுள்ளன. நுழைவுத் தளத்தில் ஒரு குளியலறைச் சுவரிலாவது கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்கு உள்ளே வலுவூட்டல் இருக்க வேண்டும். ஒரு படுக்கையறைக்கும் ஒரு குளியலறைக்கும் போகும் கதவுகள் திறந்த நிலையில் 32 அங்குல வழி விட வேண்டும். நீங்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு: வாசலில் படி இல்லாமல் நுழைய முடிகிறதா, குளிக்கும் இடத்தில் தடுப்பு மேடு இல்லாமல் அமைக்க முடியுமா, இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு வளைவுகள் இன்றி நேராக நடக்க முடிகிறதா என்பவை. நகராட்சியின் வரைபடங்களில் ஒன்றாவது இவற்றுக்குப் பொருந்தினால் அதை எடுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் பக்கம்தான் நியாயம். அப்போது கணவரிடம் கணக்குப் பேச வேண்டாம், அந்த வரைபடத்தில் இரவுநேர நடைவழியைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டுங்கள்.

ஆயத்த வரைபடம் என்றாலே மட்டமானது என்ற தயக்கம் நம்மவர்களிடம் சற்று அதிகம். இந்த நாட்டில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் நூல் வழியாக வரைபடங்களையும், பின்னர் அளந்து வெட்டிய மரச்சட்டங்களோடு முழு வீடுகளையும் விற்றது. அவ்வாறு வாங்கிக் கட்டிய வீடுகள் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆயத்த வரைபடம் ஒன்று எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையலறையாக இருப்பதால் தாளிப்பு நெடி படுக்கையறை வரை போகும் என்று தோன்றுகிறது. ஒரு சன்னலைப் பெரிதாக்கவும் பூஜைக்கு இடம் ஒதுக்கவும் ஆசை. சமையலறை தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். இந்த மாற்றங்களைச் செய்துகொள்ளலாமா?
— வாசகர், சான் ஹோசே

பதில்: கட்டமைப்பையும், வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் எரிசக்திக் கணக்கையும் தொடாத மாற்றங்களைத் தாராளமாகச் செய்யலாம்; இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் அது ஒப்புதல் பெற்ற வரைபடமாக இராது. அலமாரிகள், தரை ஓடு, வண்ணம், குழாய்ப் பொருட்கள் ஆகியவை முதல் வகை. சன்னலைப் பெரிதாக்குவது பார்வைக்குச் சிறிய மாற்றம் போலத் தோன்றினாலும், நிலநடுக்கத்தின் பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்ப்பகுதி அங்கே குறைகிறது. கண்ணாடிப் பரப்புக் கூடுவதால் எரிசக்திக் கணக்கும் மாறுகிறது. அதைச் செய்தால் பொறியாளர் மறுபடி கணக்கிட்டுக் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பமும் ஆயத்த வரைபடத்துக்குரிய 30 நாள் வரிசையிலிருந்து விலகி, வழக்கமான 60 நாள் வரிசைக்குப் போய்விடும். வரைபடம் வரைந்தவருக்கு உரியது என்பதால் அவருடைய இசைவும் தேவை. இப்படி மூன்று நான்கு மாற்றங்கள் சேர்ந்தால், தனி வரைபடத்துக்கான செலவைச் செய்துவிட்டு ஆயத்த வரைபடத்தின் குறைகளோடு வாழ்வதாகிவிடும். சன்னல் ஆசையை விட்டுவிடுங்கள், அல்லது ஆயத்த வரைபடத்தை விட்டுவிடுங்கள்.

தாளிப்பு நெடிக்குச் சுவர் தேவையில்லை. புதிய வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள சிம்னி காற்றைக் கட்டடத்துக்கு வெளியே தள்ள வேண்டும் என்பது விதி. நீங்கள் பார்க்க வேண்டியது, வரைபடத்தில் அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறதா என்பதை. இருந்தால் குழாய் நேராக வெளியேறும். சிம்னியின் வேகம் குறையாது. கூடத்தின் நடுவிலுள்ள மேடையில் அடுப்பை வைத்திருக்கும் வரைபடங்கள் படத்தில் அழகாக இருக்கும். நம் சமையலுக்கு உதவா. பூஜைக்குத் தனி அறை கேட்டால் சுவர் மாறும். கதவு வைத்த அலமாரியாக அமைத்தால் அது வெறும் மரச்சாமான், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

திசையைப் பொறுத்தவரை, வரைபடத்தை இடவலமாகத் திருப்பிய பதிப்புக்கும் சில நகராட்சிகள் சேர்த்தே ஒப்புதல் தந்திருக்கும், விசாரியுங்கள். வாசல் வடக்குப் பார்த்த வீட்டில் தென்மேற்கில் இருக்கும் சமையலறை, இடவலமாகத் திருப்பினால் தென்கிழக்குக்கு வரும். ஏற்கெனவே தென்கிழக்கில் இருந்தால், திருப்பியதும் தென்மேற்குக்குப் போய்விடும். தாயாரிடம் காட்டும் முன் காகிதத்தில் வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆயத்த வரைபடத்தைக் கொடுத்தால் 30 நாளில் அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். 2021-இல் நகராட்சியின் இணையதளத்திலிருந்து நான் எடுத்து வைத்த வரைபடத்தை இப்போது பயன்படுத்தலாமா?
— வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: அந்தப் பழைய பிரதி பயன்படாது. கலிபோர்னியாவின் கட்டட விதித்தொகுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2021-இல் நடப்பில் இருந்தது 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பு. 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பு 2023 ஜனவரி 1 முதலும், 2025-ஆம் ஆண்டுத் தொகுப்பு 2026 ஜனவரி 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகுப்பின்படி வரைபடம் இருக்க வேண்டும். அதே வரைபடத்தின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு நகராட்சியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் தொடங்கிய உங்கள் நகரத் திட்டத்தில் பெரும்பாலான வரைபடங்கள் தனியார் கட்டடக் கலைஞர்களுக்கு உரியவை என்பதால், புதுப்பித்துத் தருவதும் கட்டணம் சொல்வதும் அவர்கள் கையில் இருக்கும்.

30 நாள் என்பது ஏ.பி. 1332 என்ற சட்டத்திலிருந்து வருவது. ஒவ்வொரு நகராட்சியும் 2025 ஜனவரி 1-க்குள் இத்தகைய முன் ஒப்புதல் திட்டத்தை ஏற்படுத்த வேண்டும் என்று அது விதித்தது. விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் 30 நாள் எண்ணப்படும். தனித்து நிற்கும் வீடுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டுவதற்குப் பொருந்தாது.

இதே சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. நகராட்சியின் பட்டியலில் இல்லாத வரைபடமாக இருந்தாலும், நடப்பு மூன்றாண்டுச் சுற்றுக்குள் அதே நகராட்சி வேறொருவருக்கு அனுமதித்த தனி வீட்டின் வரைபடத்தோடு அது அச்சு மாறாமல் ஒத்திருந்தால், அதற்கும் 30 நாள்தான். ஆகவே உங்கள் நகரத்தில் அண்மையில் கொல்லைப்புற வீடு கட்டிய கட்டுநர்களிடம், எந்த வரைபடத்தைக் கட்டினீர்கள், வரைந்தவர் அதை மறுபடி தருவாரா என்று கேளுங்கள். தனக்கென்று வரைந்ததும் ஆயத்தமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன; கட்டி முடித்த வீட்டுக்குள் நடந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கலாம்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இணையத்தில் சில நூறு டாலருக்கு விற்கப்படும் வரைபடங்களும் ‘ஆயத்த வரைபடம்’ என்ற பெயரிலேயே வருகின்றன. கலிபோர்னியாவின் நிலநடுக்க விதிகளையோ டைட்டில் 24 எனப்படும் எரிசக்தி விதிகளையோ கருதாமல் வரையப்பட்டவை அவற்றில் நிறைய. அவை அறை அமைப்பைக் காட்டும் படங்கள் என்ற அளவிலேயே மதிக்கத் தக்கவை.

கேள்வி: எங்கள் கொல்லைப்புறம் சரிவானது, நடுவே ஒரு பெரிய ஓக் மரமும் இருக்கிறது. ஆயத்த வரைபடம் எங்களுக்கு ஒத்துவருமா? தனியாக வரைய வேண்டுமென்றால் கட்டடக் கலைஞர்தான் வேண்டுமா, வீட்டு வடிவமைப்பாளர் போதுமா?
— வாசகி, ஃபால்சம்

பதில்: தனியாக வரையுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயத்த வரைபடங்களின் அஸ்திவாரம் பெரும்பாலும் சமதளத்தை எண்ணி வரையப்பட்டது. சரிவில் அதை வைத்தால் ஒரு பக்கம் மண்ணை வெட்ட வேண்டும், மறுபக்கம் நிரப்ப வேண்டும், இரண்டையும் தாங்கச் சுவர் எழுப்ப வேண்டும். அதற்குமேல் மண் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். சரிவை ஏற்று, தூண்களின் மேல் நிற்பதாகவோ இரண்டு படிநிலைகளாகவோ வரைந்த வீட்டுக்கு இந்த வேலை பாதியாகும். ஓக் மரத்துக்குப் பல நகரங்களில் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. கிளைகள் பரவியிருக்கும் எல்லைக்குள் தோண்டுவதற்கே அனுமதி கேட்க வேண்டி வரலாம். வேர்ப்பகுதியை விட்டு விலகி வளைந்து போகும் ஒரு வீட்டை எந்தப் பட்டியலிலும் காண முடியாது.

உங்கள் ஊரின் கோடையைக் கருதினால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தத் திசையில் வைத்தாலும் தேற வேண்டும் என்பதற்காக, நான்கு திசைக்கும் பொதுவாகக் கணக்கிடப்பட்டவை ஆயத்த வரைபடங்களில் பல. உங்களுக்கென்று வரைபவர் மேற்குச் சுவரில் சன்னலைக் குறைத்து, ஓக் மரத்தின் நிழல் விழும் பக்கத்தில் திண்ணையை வைக்கலாம். புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்குச் சில விலக்குகள் தவிரச் சூரிய மின்தகடு கட்டாயம் என்பதால், அந்த நிழல் கூரையில் விழுகிறதா என்பதையும் அவர் சேர்த்துப் பார்ப்பார்.

யார் வரையலாம் என்ற கேள்விக்குச் சட்டம் இளக்கமாகவே இருக்கிறது. இரண்டு தளத்துக்கு மேற்படாத, மரச்சட்டத்தால் ஆன வழக்கமான குடியிருப்பை உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்லாதவரும் வரையலாம். வழக்கமான மரச்சட்ட முறையிலிருந்து விலகும் பகுதிகளுக்குப் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ கையொப்பமிட வேண்டும். சமதள மனைக்கு வடிவமைப்பாளர் போதும் என்பேன். உங்கள் மனைக்கு, சரிவில் கட்டிப் பழகிய கட்டடக் கலைஞரையே தேடுங்கள். முதல் சந்திப்பிலேயே பொறியாளர் கட்டணமும் மண் பரிசோதனையும் நகராட்சி கேட்கும் திருத்தங்களும் அவர் சொல்லும் தொகையில் அடங்குமா என்று எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மணிக்கணக்கில் கட்டணம் என்றால் மலிவாகத் தொடங்கியது எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 750 சதுர அடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு நகராட்சி வளர்ச்சிப் பாதிப்புக் கட்டணம் (புதிய வீடுகளால் பொது வசதிகளுக்குக் கூடும் செலவுக்காக வாங்குவது) வாங்கக் கூடாது என்பது 2020 முதல் மாநில விதி; பட்டியல்களில் 749 சதுர அடி வீடுகள் அடிக்கடி தென்படுவது அதனால்தான். பள்ளி மாவட்டக் கட்டணம் இதில் சேராது.

கேள்வி: பழைய கார்க் கொட்டகையை வீடாக மாற்ற நினைக்கிறோம். அதற்கும் ஆயத்த வரைபடம் உண்டா?
— வாசகர், சான் ரமோன்

பதில்: பயன்படாது. இருக்கும் சுவரையும் தரையையும் அளந்து வரைவதுதான் அங்கே வேலையே. அஸ்திவாரத்தின் ஆழத்தையும், தரைக்கடியில் ஈரத்தடுப்பு விரிப்பு இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் கொட்டகை என்றாலும், அதே இடத்தில் அதே அளவில் மாற்றுவதற்கு 4 அடி இடைவெளி கேட்க மாட்டார்கள்; இழந்த கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றும் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீட்டை ஒரு நிறுவனம் தருகிறது. வரைபடம் இலவசம், அனுமதியும் அவர்களே வாங்குவார்கள், முன்பணமாக 30,000 டாலர் கேட்கிறார்கள். ஏற்கலாமா?
— வாசகர், சன்னிவேல்

பதில்: தொழிற்சாலை வீட்டில் குறை காண ஒன்றுமில்லை. கட்டடத்தை மாநிலத் துறை தொழிற்சாலையிலேயே சரிபார்த்து முத்திரை ஒட்டிவிடும். நகராட்சி அஸ்திவாரத்தையும் இணைப்புகளையும் இட அமைப்பையும் மட்டும் பார்க்கும். உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே தூக்கிவைக்கப் பாரந்தூக்கி நிற்க இடம் உண்டா, குறுக்கே மின் கம்பி போகிறதா என்று அவர்களை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். இலவச வரைபடம் அந்த நிறுவனத்தோடு பிணைந்தது. இடையில் விலக நேர்ந்தால் அதை வேறு கட்டுநரிடம் கொண்டுபோக முடியாது.

முன்பணத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தங்களில் கட்டுநர் வாங்கக்கூடிய முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதுதான். தனிப் பிணையம் பதிவு செய்துள்ள சில கட்டுநர்களுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. மாநிலக் கட்டுநர் உரிம வாரியத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தின் உரிம எண்ணை இட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, விலக்கு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 30,000 டாலர் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. விலக்கு இருந்தாலும், வரைபடம், அனுமதி, அஸ்திவாரம், வீடு வந்து சேர்வது என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின் எவ்வளவு தருவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.